பாதியில் நின்ற கோடு

சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தைத் தொட்டதும் சோழமண்டலம் கலைஞர்கள் கிராமம் வருகிறது. அதை ஒட்டிய தெருவில் உள்ள ஓவியப் பட்டறையில் நான் முதலில் கண்டது காகிதக் கட்டுகளைத்தான். மின்கட்டண ரசீதின் பின்பக்கம், கல்யாணப் பத்திரிகை உறை, மருந்துச் சீட்டு என எல்லாவற்றிலும் கிறுக்கல்கள். போனில் பேசும்போதும் வங்கியில் காத்திருக்கும்போதும் கை தன்போக்கில் போட்டவை. பட்டறைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் ஒரு தாளையும் எறிவதில்லை. அவரிடம் பயிலும் இளம்பெண் விடுமுறை நாட்களில் வந்து அவற்றைப் பிரித்து அடுக்குகிறார்.

"இந்தச் சுழி நல்லா இருக்கே சார்?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா முடிஞ்சுபோச்சும்மா, அதுக்கு மேல போக வழியில்ல. இதைப் பாரு, பாதியில நிக்குது."

அவர் எடுத்துக் கொடுத்தது ஒரு வளைகோடு. கழுத்துபோல எழும்பி, இரண்டு முறை மடங்கி, எதுவுமாக ஆகாமல் நின்றிருந்தது.

அதைப் பலகைக்குப் பெரிதாக்க அவர் நகல் எடுப்பதில்லை. விரலும் மணிக்கட்டும் போட்ட கோட்டை இப்போது தோளிலிருந்து போட வேண்டும். அந்த வேகம் வரும்வரை பழைய நாளிதழ்களில் போட்டுப் பழகுகிறார்கள். பலகைக்கு ஜெஸ்ஸோ என்ற அடிப்பூச்சைப் பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, நீர்பட்டாலும் கரையாத இந்தியன் இங்கில் கோடு இழுக்கிறார்கள். பால்பாயின்ட் பேனா கூடாது. அதன் மை, மேலே பூசும் அக்ரிலிக் வண்ணத்தை ஊடுருவிக் கசியும். கோட்டின் ஒரு பக்கம் மெழுகு பேஸ்டல் தேய்த்து நீர்வண்ணத்தை ஓடவிட்டால், மெழுகு பட்ட இடத்தில் நீர் ஒட்டாமல் விலகிப் பொரிப்பொரியாக நிற்கிறது. கிழித்த காகிதமும் அங்கே ஒட்டாது. அதனால் மெழுகு எங்கே, காகிதம் எங்கே என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். எண்ணெய் வண்ணம் எப்போதும் கடைசியில்தான். அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் நிற்கும். எண்ணெயின் மேல் அக்ரிலிக் பூசினால் உரிந்துவிடும். கை தன்னிச்சையாகத் தொடங்கிய வேலையில் இவ்வளவு ஒழுங்கு தேவைப்படுவதுதான் கலப்பு ஊடக ஓவியத்தின் வசீகரம்.

கிறுக்கலிலிருந்து ஓவியம் எழுப்புவதற்குப் பெரிய முன்னோடி ரவீந்திரநாத் தாகூர். கையெழுத்துப் பிரதியில் அடித்த சொற்களை அப்படியே விட அவருக்கு மனம் வராது. அடித்தல்களைக் கோட்டால் இணைப்பார். அவை அலகாகவும் நகமாகவும் விசித்திர விலங்காகவும் மாறும். 1924இல் அர்ஜென்டினாவில் தங்கியிருந்தபோது, ‘பூரபி’ கவிதைகளின் பிரதியில் இவற்றைக் கண்டு வியந்தவர் எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ. 1930இல் பாரிஸில் தாகூரின் ஓவியக் கண்காட்சி நடக்க உதவியவரும் அவரே.

சோழமண்டலத்தை 1966இல் நிறுவிய ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் சென்ற வழி வேறு. 1963இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் எழுத்துபோன்ற கோடுகள், கணிதக் குறிகள், ஜாதகக் கட்டங்கள் பரப்பெங்கும் நிறைந்திருக்கும். வாசிக்க முயன்றால் பிடிகொடுக்காது, பார்த்தால் விலகவிடாது. சோழமண்டலத்திலேயே வாழ்ந்து 1973இல் இளம் வயதில் இறந்த கே. ராமானுஜம், பேனா மையின் நெருக்கமான கோடுகளால் தன் கனவு மாளிகைகளை எழுப்பினார். இவர்களின் படைப்புகளைக் கிட்டத்தில் நின்று பார்க்காமல் அந்தச் சாலையைக் கடப்பவர்களை எண்ணினால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

இப்போது டூடுல் என்ற பெயரில், கட்டம் கட்டமாக நிரப்பும் ஆயத்த வடிவங்கள் நிறைய விற்கின்றன. மனதுக்கு இதம் தரலாம். ஆனால் அவற்றிலிருந்து ஓவியம் பிறப்பது அரிது. முடிவு தெரிந்த கோட்டில் கைக்குத் தேட என்ன இருக்கிறது?

பட்டறையில் அன்று எழுந்த விவாதமும் இந்தத் தேடலைப் பற்றியதுதான். வளைகோட்டின் மேல்பகுதியைக் காகிதம் ஒட்டி மூடச் சொன்னார் அவர். மாணவிக்கு மனமில்லை.

"அதுலதானே சார் ஆரம்பிச்சோம்?"

"ஆரம்பிச்சாச்சு இல்ல? இப்ப படம் என்ன கேக்குதுன்னு பாரு."

கொஞ்சம் யோசித்துவிட்டு, கழுத்தை மட்டும் மூடி மடிப்புகளை வெளியே விட்டார் மாணவி. கடற்காற்றின் ஈரத்தில் பசை சீக்கிரம் காயாது. எண்ணெய் வண்ணத்தை அடுத்த வாரம் தொடலாம் என்று இருவரும் பலகையைச் சுவரோரம் நகர்த்திவிட்டு, அடுத்த கட்டைப் பிரிக்க உட்கார்ந்தார்கள்.