ரெய்னியரின் உட்சூடு

ஜூலை 9, பாரடைஸ்

சியாட்டிலிலிருந்து வந்த வழியெல்லாம் மேகம். மலை கண்ணில் படவே இல்லை. மதியத்துக்குமேல் மூட்டம் கலைந்தது. புல்வெளிக்கு மேலே, கடல்மட்டத்திலிருந்து 4,392 மீட்டர் உயரத்துக்கு வெள்ளையாக நின்றது ரெய்னியர். அலாஸ்காவை விட்டுவிட்டால், அமெரிக்காவில் இவ்வளவு பனியாறுகளைச் சுமக்கும் சிகரம் வேறில்லை. அவற்றுக்கு அடியில் எரிமலை இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தச் சூட்டைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றுதான் வந்திருக்கிறேன்.

ஜூலை 10, மியூர் முகாம்

3,072 மீட்டர். குடிதண்ணீருக்குப் பனியை உருக்க வேண்டும். பாத்திரம் வழிய அள்ளி அடுப்பில் வைத்தாலும் அடியில் கொஞ்சம்தான் நீர் தேறுகிறது. அதிலும் பாறைத்தூசி மிதக்கிறது. “சீக்கிரம் படுங்க, நடுராத்திரி எழுப்பிடுவேன்” என்றார் வழிகாட்டி. வெயில் ஏறினால் பிளவுகளின் மேல் பாலமாகக் கிடக்கும் பனி இளகிவிடும். இருட்டிலேயே தாண்டியாக வேண்டும்.

ஜூலை 11, மாலை, மீண்டும் பாரடைஸ்

ஒரே கயிற்றில் இணைந்து இங்கிராம் பனியாற்றைக் கடந்தோம். 1981 ஜூன் 21 அன்று மேலிருந்து சரிந்த பனிப்பாளங்கள் 11 பேரைப் புதைத்தது இங்கேதான். உடல்களை எடுக்க முடியவில்லை, பனிக்குள்ளேயே இருக்கிறார்கள். ‘நிக்காதீங்க’ என்ற குரல் மட்டும் முன்னாலிருந்து வந்தது. அடுத்து டிசப்பாயிண்ட்மென்ட் கிளீவர் பாறைமுகடு. காலணியின் இரும்பு முட்கள் கல்லில் உரசிக் கிறீச்சிட்டன.

உச்சியில் எரிமலை வாய்க்குள் பனி நிரம்பியிருக்க, விளிம்பு மட்டும் வெறும் சரளை. கையுறையைக் கழற்றி ஒரு பிளவருகே உள்ளங்கையை வைத்தேன். ஈரமான வெதுவெதுப்பு, லேசான கந்தக வாடை. நெஞ்சு அடைத்துவிட்டது.

1870 ஆகஸ்ட் 17 அன்று ஹசார்ட் ஸ்டீவன்ஸ், ஃபிலமன் வான் டிரம்ப் என்ற இரு மலையேறிகள் இங்கே வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. இறங்க வழியில்லை. நீராவி குடைந்த பனிக்குகையில் ஒடுங்கி அன்றிரவு உயிர் தப்பினார்கள். ஏறவே வேண்டாம் என்று மன்றாடிய பழங்குடி வழிகாட்டி ஸ்லுயிஸ்கின், கீழே அவர்கள் செத்துவிட்டதாகவே நினைத்திருந்தார்.

அவர்களைக் காத்த ஆவிதான் மலையை உள்ளிருந்து அரிக்கிறது. அமிலம் கலந்த வெந்நீர் ஊறி ஊறிக் கெட்டிப் பாறையைக் களிமண்ணாக்குகிறது. சுமார் 5,600 ஆண்டுகளுக்கு முன் உச்சியே பெயர்ந்து, பனிநீரோடு கலந்து, ஓசியோலா சேற்றுவெள்ளமாகப் பியூஜெட் சவுண்ட் கடற்கழிவரை ஓடியது.

ஜூலை 12, ஓர்டிங்

ஏறியவர்கள் எல்லாரும் ஊர் திரும்ப, நான் மட்டும் இங்கே வந்தேன். சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் மேற்குச்சரிவு இடிந்து வந்த எலக்ட்ரான் சேற்றுவெள்ளத்தின் மேல்தான் இந்த ஊர் நிற்கிறது. வீடு கட்டத் தோண்டியபோது அதில் புதைந்த காட்டின் அடிமரங்கள் கிளம்பின. அந்தச் சரிவோடு எரிமலை வெடித்ததற்குத் தடயம் கிடைக்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. வெடிப்பு என்றால் முன்கூட்டியே நிலம் அதிரும். உளுத்துப்போன பாறை அப்படிச் சொல்லிக்கொண்டு விழாது. பிறகு ஓட ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காமல் போகலாம்.

பள்ளத்தாக்கில் அபாயச் சங்குகள் வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் மேட்டுக்கு நடந்துபோய் ஒத்திகை பார்க்கிறார்கள். அங்கே சீக்கிரம் போய்ச்சேரக் கார்பன் ஆற்றின் மேல் நடைபாலம் வேண்டும் என்பது ஊராரின் பல்லாண்டுக் கோரிக்கை. உச்சிக்கு விரும்பிப் போன எனக்குக் கயிறு, வழிகாட்டி, தலைக்கவசம் எல்லாம் இருந்தன. இங்கே படிக்கும் பிள்ளைக்கு அந்தப் பாலமாவது வேண்டாமா? பள்ளிவாசலிலிருந்து மேட்டுநிலம்வரை நாளைக் காலையில் நடந்து பார்க்கப் போகிறேன்.