சொட்டு மருந்தும் சர்வாங்காசனமும்

யோகா சொல்லித் தரணும்னு எனக்கு ஆசை வந்ததே ஒரு திமிர்ல தான். பத்து வருஷமா விடாம செய்யறோம், பத்து நிமிஷம் தலைகீழா நிக்கறோம், நாலு பேருக்கு சொல்லித் தரலைன்னா எப்படின்னு. எங்க ஃப்ளாட் மொட்டை மாடியில காலைல ஆறு மணிக்கு வகுப்பு. காசு கிடையாது. (வாங்கியிருந்தா இன்னும் பொறுப்பா இருந்திருப்பேனோ என்னவோ!)

முதல் நாள் ஏழு பேர் வந்தாங்க. ரெண்டாவது வாரம் நாலு பேர். அதுல மூணாவது மாடி மாமியும் ஒருத்தர். வயசு 64. பையன் அமெரிக்காவுல. மாமி ஒரு நாள் கூட லீவு போட்டதில்லை.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். நான் கத்துக்கிட்டது கிருஷ்ணமாச்சாரியார் வழியில வந்த ஒருத்தர்கிட்ட. பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ் ரெண்டு பேருக்குமே குருவா இருந்து, நூறு வயசு தாண்டி 1989-ல மறைஞ்ச அதே கிருஷ்ணமாச்சாரியார் தான். மைசூர்ல பசங்களுக்கு கடினமான ஆசனங்களா சொல்லித் தந்தவர், பிற்காலத்துல சென்னையில ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க வயசு, உடம்பு, வேலை பார்த்து மாத்திக் கொடுத்தார். என் ஆசிரியரும் அப்படித்தான். முதல் நாள் அரை மணி நேரம் கேள்வியாக் கேட்டார். தூக்கம் எப்படி, வயிறு எப்படி, எங்கயாவது அடிபட்டிருக்கா, என்ன மருந்து சாப்பிடறே... கடைசில மூச்சை இழுத்துண்டே கையைத் தூக்கு, விட்டுண்டே இறக்கு, அவ்ளோதான்னு அனுப்பிட்டார். இதுக்கா ரெண்டு பஸ் மாறி வந்தேன்னு எனக்கு ஒரே கடுப்பு.

அந்தக் கடுப்புல கேள்விகளோட அருமை மண்டையில ஏறவே இல்லை. நான் கேட்டது ஒரே கேள்வி, அதுவும் எல்லாரையும் பார்த்து மொத்தமா: "யாருக்காவது பிபி, இடுப்பு வலி இருக்கா?" மாமி இல்லைன்னார். உண்மைதானே, இல்லை.

மூணாவது வாரம் சுவத்துல காலைச் சாய்ச்சு சர்வாங்காசனம். மாமிக்கு அவ்ளோ சந்தோஷம். பத்து நாள் ஆச்சு. ஒரு நாள் பாயைச் சுருட்டிண்டே சாதாரணமாக் கேட்டார்: "ஏம்ப்பா, கண்ணுக்கு சொட்டு மருந்து விட்டுண்ட உடனே இதைப் பண்ணலாமோ?"

"என்ன மருந்து மாமி?"

"க்ளாகோமாவுக்கு. அஞ்சு வருஷமா விட்டுண்டிருக்கேன்."

எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு. க்ளாகோமான்னா கண்ணுக்குள்ள இருக்கற அழுத்தத்தைக் குறைச்சு வெக்கத்தான் மருந்தே. தலைகீழா நின்னா அந்த அழுத்தம் ஏறும். சென்னை சங்கர நேத்ராலயாவுல சிரசாசனம் செய்யற 75 பேரை சோதிச்சுப் பார்த்து, கண்ணழுத்தம் ரெண்டு மடங்காகுதுன்னு 2006-லயே எழுதியிருக்காங்க. குனிஞ்சு செய்யற அதோமுக ஸ்வானாசனத்துலயே ஏறும். இதுல போன பார்வை திரும்பி வராது.

அன்னிக்கே ஆட்டோ பிடிச்சு மாமியோட கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். வெளிய பெஞ்சுல ஒன்றரை மணி நேரம். மாமியோட பையன் போன் பண்ணினா என்ன சொல்றதுன்னு ஒத்திகை பார்த்துட்டே இருந்தேன். "சும்மா இலவசமாத்தான் சொல்லித் தந்தேன்"னா? பதஞ்சலி ஆசனத்தைப் பத்தின்னு சொன்னதே மூணு சூத்திரம் தான். அதை நீட்டி முழக்கி எத்தனை தடவை மேடை போட்டுப் பேசியிருக்கேன்!

நல்லவேளை, போன தடவை இருந்த அளவேதான் இருந்தது. தலைகீழ் சமாச்சாரம் எதுவும் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். மாமி என்னைத் திட்டவே இல்லை. "நான் சொல்லியிருக்கணும், என் தப்பு"ன்னார். அதுதான் தாங்க முடியலை. சொல்ல வேண்டியது அவங்க வேலை இல்லை, கேக்க வேண்டியது என் வேலை.

ஒரு வாரம் வகுப்பே நடத்தலை. அப்புறம் ஒவ்வொருத்தரையா வீட்டுக்குக் கூப்பிட்டு, நோட்டுல எழுதி, மறுபடி ஆரம்பிச்சேன். மாமி இப்போ நாற்காலியில உட்கார்ந்து, மூச்சை அடக்காம, கையைத் தூக்கி இறக்கறார். அதேதான், எனக்கு முதல் நாள் கடுப்பு வந்ததே, அது.

போன மாசம் புதுசா ஒரு தம்பதி வந்தாங்க. நான் நோட்டை எடுக்கறதுக்குள்ள மாமி நாற்காலியிலேர்ந்து கேட்டுட்டார்: "கண்ணுக்கு சொட்டு மருந்து ஏதாவது விட்டுக்கறேளா?"