ஐடியை விற்ற பிள்ளை



கொஞ்சம் நீண்ட பதிவு. வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்கள் நேரம் எடுத்து வாசியுங்கள். சம்பந்தப்பட்ட பிள்ளையிடமும் தாயிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறோம். பெயரோ ஒழுங்கையோ சொல்ல மாட்டோம். கொமெண்டில் யாரும் ஊகிக்கவும் வேண்டாம்.

எங்கள் வீட்டில் இரண்டு பேருமே ஆசிரியர்கள் என்பது குருநகரில் பலருக்குத் தெரியும். பின்னேரத்தில் படலையைத் தட்டும் பிள்ளைகள் பெரும்பாலும் கணக்கு விளங்கவில்லை என்றோ, சான்றிதழில் கையெழுத்து வேண்டும் என்றோதான் வருவார்கள். இரண்டு கிழமைக்கு முன் மஃரிப் தொழுதுவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரம் தரம் 10 படிக்கும் ஒரு பிள்ளை வந்து படலைக்கு வெளியிலேயே நின்றான். உள்ளே வரச் சொன்னோம். வந்து கதிரையில் இருந்தான். பத்து நிமிடம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "சேர், என்ர ஐடியை வித்துப்போட்டன்" என்றான்.

நாங்கள் திடுக்கிட்டோம். "தேசிய அடையாள அட்டையையா தம்பி?" என்று கேட்டோம். அவன் அழுகைக்கு நடுவிலும் சிரித்துவிட்டான். ஃப்ரீ ஃபயர் விளையாட்டில் அவனுக்கு இருந்த கணக்கைத்தான் ஐடி என்று சொல்லியிருக்கிறான்.

"ஒரு கேம்தானே, போனால் போகட்டும், இனியாவது புத்தகத்தை எடு" என்று நாங்கள் சொல்லிவிட்டோம். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லத்தான் வேண்டும். அவன் எழும்பிப் போகப் பார்த்தான். டீச்சர்தான் மறித்து, "இருங்கோ தம்பி, முழுக்கச் சொல்லுங்கோ" என்றா.

முழுக்கச் சொன்னபோதுதான் விளங்கியது. அந்தக் கணக்கு அவனுடையதே இல்லை. தமையன் கட்டாருக்கு வேலைக்குப் போகும்போது தம்பிக்குக் கொடுத்துவிட்டுப் போனது. நாலு வருடமாகத் தமையன் விளையாடிச் சேர்த்த உடுப்பும் துப்பாக்கித் தோலும் அதில் இருந்தன. சிலது அந்தந்தக் காலத்தில் மட்டும் கிடைப்பவை, இனித் தேடினாலும் கிடைக்காது. தமையன் டோஹாவில் புதுக் கணக்கு ஒன்று திறந்துவிட்டார். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. இங்கே இரவு எட்டு மணியென்றால் அங்கே பின்னேரம் ஐந்தரை. அந்த நேரத்தில் இருவரும் ஒரே அணியில் இறங்கி, விளையாட்டின் நடுவே மைக்கில் கதைப்பார்கள். அம்மா சாப்பிட்டாவா, அப்பாவின் வள்ளம் திருத்தியாச்சா, பரீட்சை எப்ப என்று எல்லாக் கதையும் அதற்குள்தான். வாட்ஸ்அப்பில் எடுத்தால் இரண்டு நிமிடத்தில் கதை முடிந்துவிடுமாம். விளையாடும்போதுதான் ஒரு மணித்தியாலம் கதைப்பார்களாம்.

அப்படியான ஒன்றை ஏன் விற்றான்? அந்த நேரம் புது விளையாட்டு ஒன்று வரப்போகிறது என்று யூடியூப் முழுக்க ஒரே கதையாம். "ஃப்ரீ ஃபயர் முடிஞ்சுது", "இனி எல்லாரும் இதுக்குத்தான்" என்று தலைப்புகள். வகுப்பிலும் அதே பேச்சு. பழைய ஐடிக்கு இப்போதுதான் விலை, பிறகு சும்மா கொடுத்தாலும் ஒருவரும் வாங்க மாட்டார்கள் என்று ஒருவன் சொல்லியிருக்கிறான். முகம் தெரியாத ஒருவர் 15,000 ரூபா தருவதாகச் சொல்லி 5,000 அனுப்பினார். இவன் கடவுச்சொல்லைக் கொடுத்தான். சில நிமிடங்களில் கடவுச்சொல் மாறியது, இவனுடைய இலக்கமும் தடுக்கப்பட்டது. மிச்சக் காசு வரவில்லை.

புது விளையாட்டும் வந்தது. இவனுடைய போன் சூடாகி நின்று நின்று ஓடியது. இறக்கிய கூட்டாளிகள் ஒரு கிழமையில் ஒவ்வொருவராகப் பழையதற்கே திரும்பினார்கள். அங்கே வெள்ளிக்கிழமை தமையன் பார்க்கிறார், தம்பியின் பெயர் பச்சையாக இருக்கிறது. அழைத்தால் வேறொருவன் மைக்கில் தூசணம் கதைக்கிறான். தம்பி மூன்று கிழமையாகப் பரீட்சை, காய்ச்சல் என்று சாட்டுச் சொல்லித் தமையனின் அழைப்பையும் எடுக்கவில்லை.

அவன் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் இரவு இதைப் பற்றியே கதைத்தோம். பிறகு தேடியும் வாசித்தோம். இந்தப் "பழையதை முடிக்க வந்த புதியது" என்ற கதை எவ்வளவு பழையது என்று அப்போதுதான் தெரிந்தது. பெற்றோருக்குப் பயன்படும் என்பதால் கொஞ்சம் சொல்கிறோம்.

2020 செப்டெம்பர் 2 அன்று இந்திய அரசு பப்ஜி உட்பட 118 செயலிகளைத் தடை செய்தது. இரண்டே நாளில், செப்டெம்பர் 4 அன்று, நடிகர் அக்ஷய் குமார் ஃபௌ-ஜி என்ற இந்திய விளையாட்டை அறிவித்தார். பெங்களூரு கொம்பனி ஒன்றின் தயாரிப்பு. பப்ஜிக்குப் பதில் இதுதான் என்று ஊரே பேசியது. முன்பதிவு திறந்த முதல் நாளிலேயே பத்து இலட்சம் பேர் பதிந்தார்கள். 2021 ஜனவரி 26 அன்று வெளியானது. பிள்ளைகள் எதிர்பார்த்தது நூறு பேர் ஒன்றாக இறங்கும் பப்ஜி மாதிரியான ஒன்று. கிடைத்ததோ கல்வான் பள்ளத்தாக்கில் தனியாக நடந்து கையாலும் தடியாலும் அடிபடும் ஒரு கதை. கூட்டாளியோடு சேர்ந்து விளையாட வழி இல்லை. கடையில் அதன் புள்ளி மளமளவென்று இறங்கியது.

அதே வருடம் ஜூலை 2 அன்று பப்ஜியின் கொரியக் கொம்பனி கிராஃப்டன், பிஜிஎம்ஐ என்ற பெயரில் இந்தியாவுக்கென்று ஒரு பதிப்பை விட்டது. பழைய பப்ஜி கணக்கில் இருந்த உடுப்பையும் சாமானையும் புதியதற்குக் கொண்டுவர அதில் வழி வைத்தார்கள். கூட்டம் மொத்தமாக அங்கே போனது. ஆட்களை இழுப்பது எது என்று அந்தக் கொம்பனிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பெரிய கொம்பனிகளுக்கும் இதே அனுபவம்தான். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2019 பெப்ரவரியில் முன்விளம்பரமே இல்லாமல் வந்து ஒரு கிழமையில் இரண்டரைக் கோடிப் பேரைச் சேர்த்தது. ஃபோர்ட்நைட்டின் கதை முடிந்தது என்றார்கள். ஃபோர்ட்நைட் இன்றும் இருக்கிறது. அதே ஏபெக்ஸின் போன் பதிப்பு 2022 மே மாதம் வந்து, 2023 மே 1 அன்று மூடப்பட்டது. சோனி கொம்பனியின் கொன்கோர்ட் 2024 ஓகஸ்ட் 23 அன்று வெளியாகி, செப்டெம்பர் 6 அன்று நிறுத்தப்பட்டது. இரண்டே கிழமை! வாங்கியவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

புதியது வெல்லவே வெல்லாது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. எங்கள் பிள்ளைகள் விளையாடும் ஃப்ரீ ஃபயரே ஒரு காலத்தில் பப்ஜியின் நிழலில் வளர்ந்ததுதான். சிங்கப்பூரின் கரீனா கொம்பனி அதை 2017இல் வெளியிட்டது. பப்ஜியில் நூறு பேர், அரை மணித்தியாலம். இதில் ஐம்பது பேர், பத்து நிமிடம். விலை குறைந்த போனிலும் ஓடும். டேட்டா காட்டை எண்ணி எண்ணிப் போடும் எங்களைப் போன்றவர்களின் வீட்டுக்கு அது பொருந்தியது. பப்ஜி எட்டாத போன்களில் போய் இருந்துகொண்டு வளர்ந்தது. 2020இல் ஒரே நாளில் பத்துக் கோடிப் பேர் விளையாடும் அளவுக்கு வந்துவிட்டது. அதே வருடம்தான் கொரோனாவால் பாடசாலை பூட்டி, படிப்புக்கென்று நாங்களே பிள்ளைகள் கையில் போனைக் கொடுத்தோம் என்பதையும் மறக்கக் கூடாது.

ஒரு விளையாட்டில் பிள்ளையைப் பிடித்து வைத்திருப்பது படமோ சத்தமோ அல்ல, அங்கே இருக்கும் ஆட்கள். இதை குருநகர்க்காரருக்கு விளக்கவே தேவையில்லை. நாளைக்கு ஒருவர் வந்து புதுக் கழகம் தொடங்கி, நல்ல ஜேர்சியும் புதுப் பூட்சும் தருகிறேன் என்றால் பாடும்மீனை விட்டு எத்தனை பேர் போவார்கள்? போய்ப் பார்க்க ஆசை வரும். ஆனால் பந்தைத் தட்டிவிட்டால் எங்கே ஓடி வருவான் என்று தெரிந்த கூட்டாளி பழைய மைதானத்தில்தானே நிற்கிறான்?

எங்கள் சொந்தக் கதையும் நினைவுக்கு வந்தது. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற்றப்பட்டார்கள். சோனகத் தெருவில் இருந்த எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. புத்தளத்தில் வளர்ந்தோம். 2009க்குப் பிறகு, பாதை திறந்தாச்சு, இனி எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள் என்றார்கள். மீள்குடியேறப் பெயர் பதிந்தவர்கள் நிறையப் பேர். வந்து தங்கியவர்கள் குறைவு. உடைந்த வீடு, கிடைக்காத உதவி என்று காரணங்கள் பல உண்டு. ஆனால் எங்கள் உம்மா சொன்ன காரணம் வேறு: "ஊர் இரிக்கி, ஊராக்கள் எங்கே?" அடுத்த வீட்டு ராத்தாவும், கடன் தரும் கடை நாநாவும், மருமக்களும் புத்தளத்தில். யாழ்ப்பாணத்தில் சுவர் மட்டும்தான். விளையாட்டையும் வெளியேற்றத்தையும் ஒரே தராசில் வைக்கிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெயர் பதிவது வேறு, போய் இருப்பது வேறு என்பதை நாங்கள் வாழ்ந்து அறிந்தவர்கள் என்று மட்டும்தான் சொல்கிறோம். முன்பதிவில் இத்தனை இலட்சம், இத்தனை கோடி என்று யாராவது சொன்னால் இனி நாங்கள் கொஞ்சம் பொறுத்துத்தான் நம்புவோம். ஒரு பட்டனை அமத்துவதற்குக் காசும் இல்லை, பொறுப்பும் இல்லை.

அடுத்த நாள் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனோம். தாயிடம் விஷயத்தைச் சொன்னோம். அவ அடிக்கக் கை ஓங்கினா. நாங்கள் மறித்தோம். கணக்கை மீட்க வழி இருக்கிறதா என்று பார்த்தோம். கணக்கை விற்பதே அந்த விளையாட்டின் விதிக்கு எதிரானது, அதனால் கொம்பனியிடம் போய் விற்றுவிட்டேன், திருப்பித் தாருங்கள் என்று கேட்க முடியாது. மிச்ச 10,000 ரூபாவும் போனது போனதுதான்.

வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் வைத்துத் தமையனுக்கு அழைப்பு எடுத்தோம். பிள்ளையே சொல்ல வேண்டும், நாங்கள் பக்கத்தில் இருப்போம் என்று சொல்லியிருந்தோம். அவன் சொன்னான். மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. எங்களுக்கும் நெஞ்சு அடித்தது. பிறகு தமையன் கேட்டார்: "அப்ப உனக்குக் காய்ச்சல் ஒண்டும் இல்லைத்தானே?"

இல்லை என்றான்.

"நான் என்னவோ ஏதோ எண்டு மூண்டு கிழமையா நித்திரை கொள்ளேல்லையடா. புது ஐடி ஒண்டைத் திற. நான் சேர்த்துக்கொள்ளுறன்."

டீச்சர் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா. எங்களுக்கும் கதைக்க வரவில்லை.

பெற்றோருக்கும் சக ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை போனில் விளையாடுகிறான் என்று தெரியும். யாரோடு விளையாடுகிறான் என்று கேட்டிருக்கிறோமா? நாங்கள் கேட்டதில்லை. வகுப்பில் பறித்த போன்களை லாச்சிக்குள் பூட்டி வைத்திருக்கிறோம். அதற்குள் யாருடைய தமையன், யாருடைய வாப்பா இருந்தார் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. பாடசாலைக்குப் போன் வேண்டாம் என்பதில் எங்களுக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. இரவு பதினொரு மணிக்கு விளையாட்டு வேண்டாம் என்பதிலும் இல்லை. ஆனால் கேட்டுவிட்டு மறுப்பது வேறு, கேட்காமலே மறுப்பது வேறு.

புது விளையாட்டு வருகிறது என்று பிள்ளை துள்ளினால் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். நல்லதென்றால் ஒரு மாதத்துக்குப் பிறகும் இருக்கும். வந்த முதல் கிழமையில் அதற்குள் காசு போட விட வேண்டாம். கடவுச்சொல் என்பது வீட்டுத் திறப்பு மாதிரி, விற்கவும் கூடாது, இரவல் கொடுக்கவும் கூடாது என்று விளங்கப்படுத்துங்கள். "இது அதை முடிச்சிட்டுது" என்று தலைப்புப் போடுபவருக்கு நாம் பார்த்தாலே வருமானம், முடிந்தாலும் முடியாவிட்டாலும் அவருக்கு நட்டமில்லை என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிழை விட்ட பிள்ளை வந்து சொல்லக்கூடிய ஒரு வீடாவது ஒழுங்கைக்கு ஒன்று இருக்க வேண்டும். முதலில் அது அவனவன் வீடாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் எங்கள் படலை திறந்துதான் இருக்கும். இந்த முறை, "ஒரு கேம்தானே" என்று சொல்ல மாட்டோம்.