பத்தும் ஒன்றும்

சனவரித் திங்களில் பள்ளி திறக்கும் நாளன்று, கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளி ஒன்றின் முதலாம் வகுப்பு வாயிலில் நின்று நோக்குவார்க்கு மறக்கவியலாத காட்சிகள் கிட்டும். தாயின் சேலைத் தலைப்பை விடாது பற்றி அழும் பிள்ளை ஒருபுறம். அழுகை வராமல், கண் கொட்டாமல் வெறித்து நிற்கும் பிள்ளை மறுபுறம். வெள்ளைச் சட்டையும் அதன்மேல் நீலப் பினஃபோரும் அணிந்த சிறுமியர், அளவில் பெரிதாகத் தைக்கப்பட்ட அவ்வுடைக்குள் பாதி மறைந்திருப்பர். இரண்டாண்டுக்காவது அவ்வுடை உழைக்க வேண்டும் என்பது தாய்மாரின் கணக்கு.

அந்நாளில் மணி அடித்ததும் செபம் நடைபெற்றது. பின்னர்க் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியும் ஏனையோர்க்கு நன்னெறிப் பாடமும் நடைபெற்றன. அதன்பின் நான்கு கோட்டு ஏட்டில் எழுத்துப் பயிற்சி. கையசைத்துப் பாடும் பாட்டு. பிளாஸ்டிசின் உருட்டிப் பாம்பும் கூடையும் செய்தல். வகுப்பின் மூலையில் 'இயற்கை மேசை' ஒன்று இருக்கும். கிளிஞ்சல், காய்ந்த கூடு, இரப்பர்க் கொட்டை எனப் பிள்ளைகள் கண்டெடுத்தவையெல்லாம் அதில் இடம்பெறும். இவ்வளவையும் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஏற்றவாறு அமைத்த திறத்தை, பிற பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியரும் பாராட்டவே செய்வர். குறை இருந்தது இவற்றில் அன்று. இவை நடைபெற்ற மொழியில்.

இப்பள்ளிகளின் வேர் பிரான்சு நாட்டில் உள்ளது. 1852ஆம் ஆண்டில் பினாங்கிற்கு வந்து பள்ளி நடத்தத் தொடங்கிய லசால் சகோதரர்களும், அதே ஆண்டில் அங்கு வந்து சேர்ந்த குழந்தை இயேசு சபைக் கன்னியரும் பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் குருமார் இருவரின் வழிவந்தோராவர். கன்னியர் சபைக்கு வித்திட்டவர் நிக்கோலா பாரே. சகோதரர் சபையை நிறுவியவர் ஜான் பாப்டிஸ்ட் டி லசால் (1651–1719). பாரேயின் அறிவுரைக்குச் செவிசாய்த்துத் தம் பதவியையும் செல்வத்தையும் துறந்த லசால், பஞ்சகாலத்தில் அச்செல்வத்தை ஏழைகட்கு உணவாக வழங்கிவிட்டுத் தம் ஆசிரியர்களோடு ஆசிரியராக வாழ்ந்தார். ஊதியம் போதவில்லை என முணுமுணுக்கும் ஆசிரியர் இவ்வரலாற்றை ஒருமுறை படிக்கலாம். படிக்காமல் விடுவது மன அமைதிக்கு நல்லது என்பாரும் உளர்!

அந்நாளில் பிரான்சில் பிள்ளைகள் கையில் முதன்முதல் இலத்தீன் நூலையே கொடுத்து எழுத்துக் கூட்டப் பழக்கினர். லசால் இம்முறையை மாற்றினார். பிள்ளை பேசும் பிரெஞ்சு மொழியிலேயே முதலில் படிக்கட்டும். அது நன்கு கைவந்தபின் இலத்தீனைத் தொடலாம் என்றார். அவர் கூறிய காரணம் எளியது. ஏழையின் பிள்ளை சில ஆண்டுகளே பள்ளியில் இருப்பான். பொருள் விளங்காத மொழியில் தொடங்கினால், இதுவும் வாராமல் அதுவும் வாராமல் வெளியேறுவான். வகுப்பில் ஆசிரியர் மிகக் குறைவாகவே பேச வேண்டும் என்பதும் அவருடைய நெறி. கையிலுள்ள சிறு கருவியொன்றின் ஓசையாலும் சைகையாலும் வகுப்பை நடத்துவர். வாய் திறந்து படிக்க வேண்டியவன் மாணவன். இந்நெறிகளைத் தொகுத்த நூல், அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1720இல் அச்சேறியது.

அப்பெருமகனாரின் வழிவந்த பள்ளிகள் மலாயாவில் ஆங்கிலத்தில் தொடங்கின. காரணம் இல்லாமல் இல்லை. ஒரே வகுப்பில் பல இனப் பிள்ளைகள் அமர்ந்தனர். ஆங்கிலம் அறிந்தவனுக்கே அலுவலக நாற்காலி கிடைத்தது. பெற்றோரும் அதனையே விரும்பினர். ஆயினும், ஆசிரியர் மௌனம் காத்த வகுப்பு மாணவர் மௌனம் காக்கும் வகுப்பாக மாறிற்று என்று சொல்வது மிகையாகாது.

1962ஆம் ஆண்டில் பினாங்கிலிருந்த ஒரு கான்வெண்டுப் பள்ளியின் முதலாம் வகுப்பில் ஒரு தமிழ்ச் சிறுமி சேர்ந்தாள். தந்தை துறைமுகத் தொழிலாளி. பாட்டியுடன் பல்லாங்குழி ஆடிப் பழகியவளாதலின், புளியங்கொட்டைகளை நூறு வரை பிழையின்றி எண்ணுவாள். எண் பாடத்தில் ஆசிரியை பனிக்கூழ்க் குச்சிகளைப் பத்துப் பத்தாக இரப்பர் வளையமிட்டுக் கட்டி வைத்திருந்தார். ஒரு கட்டையும் ஒரு தனிக் குச்சியையும் மேசைமேல் வைத்து, எத்தனை என்று ஆங்கிலத்தில் வினவினார். சிறுமி வாய் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. முதல் தவணை முடிவில் மந்தமானவள் என்னும் குறிப்பு அவளுடைய அட்டையில் ஏறியது. இடமும் கடைசி வரிசைக்கு மாறியது.

ஈண்டு ஒன்றை ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். 'பதினொன்று' என்னும் சொல்லிலேயே பத்தும் இருக்கிறது, ஒன்றும் இருக்கிறது. கட்டும் குச்சியும் கண்முன் கிடக்க, சொல்லும் அதனையே சொல்கிறது. மலாய் மொழியிலும் பதினொன்று முதல் பத்தொன்பது வரை ஓர் ஒழுங்கு உண்டு. ஆங்கிலத்தின் 'இலெவன்', 'டுவெல்வ்' ஆகியன அவ்வாறு பிள்ளைக்கு வழிகாட்டுவதில்லை. தமிழிலும் தொண்ணூற்றில் கால் இடறும் என்பது உண்மையே. எண்பதைக் கடந்து தொண்ணூற்றில் திகைக்காத பிள்ளையை எந்த ஆசிரியரும் கண்டதில்லை. எனினும் இடமதிப்பின் முதற்படியை இச்சிறுமி வீட்டிலிருந்தே கொண்டு வந்திருந்தாள். அதனை வைக்கத்தான் வகுப்பில் இடமில்லை.

அவள் வாய் திறந்தது பச்சைப்பயற்றினால். ஜாம் போத்தல்களில் ஈரப்பஞ்சை வைத்து, அதில் பயறு இட்டு, இயற்கை மேசைமேல் வரிசையாக அடுக்கியிருந்தனர். மூன்றாம் நாட்காலை, கடைசி வரிசையிலிருந்து எழுந்து சென்று குனிந்து நோக்கியவள், "வேரு! வேரு வந்துருச்சு டீச்சர்!" என்று கூவிவிட்டாள். வகுப்பு சிரித்தது. சீனப் பெண்மணியாகிய ஆசிரியை சிரிக்கவில்லை. அருகே வந்து, அவள் விரல் காட்டிய இடத்தைப் பார்த்து, "வேர்?" என்று வினவினார். சிறுமி தலையசைத்தாள். அதற்குரிய ஆங்கிலச் சொல்லை ஆசிரியை சொன்னார், அவளும் சொன்னாள். பிறகு யாரும் கேட்காமலே வேர்விட்ட பயறுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணத் தொடங்கினாள். "பதினேழு" என்று முடித்தபோது, தமிழறியாத அவ்வாசிரியை தாமும் எண்ணிப் பார்த்தார். பதினேழுதான்.

அன்றிலிருந்து, குச்சிகளை முதலில் தன் மொழியில் எண்ணவும், பின்னர் ஆங்கிலத்தில் எண்ணவும் அவளுக்கு இசைவு கிடைத்தது. பாடத்திட்டத்தில் எழுதப்படாத ஒன்றை ஆசிரியை ஒருவர் தம் பொறுப்பிலேயே செய்தார். தலைமைக் கன்னியர் கண்டும் காணாதவர்போல் இருந்துவிட்டார். தவணைக் குறிப்பில் 'மந்தம்' நீங்கிற்று. ஆனால் மறு ஆண்டு வேறு வகுப்பு, வேறு ஆசிரியை.

பயிற்றுமொழி அதன்பின் மாறியது. 1970ஆம் ஆண்டு முதலாம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக, ஆங்கிலத் தொடக்கப்பள்ளிகள் மலாய்மொழிக்கு மாறின. 1975இல் ஆறாம் வகுப்பும் மாறி முடிந்தது. 1983இல் புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் நாடெங்கும் முதலாம் ஆண்டில் நடைமுறைக்கு வந்து, படித்தல், எழுதுதல், எண்ணுதல் ஆகியவற்றை முதன்மையாக்கிற்று. நல்ல மாற்றங்களே. எனினும் தமிழ் மட்டும் பேசும் வீட்டிலிருந்து அங்கு வரும் பிள்ளைக்கு முதல்நாள் மௌனம் அப்படியே இருந்தது. அம்மௌனம் இல்லாத கத்தோலிக்க வகுப்புகளும் இந்நாட்டில் உண்டு என்பதை மறத்தலாகாது. ஈப்போவின் புனித பிலோமினா கான்வெண்ட் தமிழ்ப்பள்ளியும், தைப்பிங் புனித திரேசாள் கான்வெண்ட் தமிழ்ப்பள்ளியும் அத்தகையன. லசால் கேட்டது இதைத்தான்.

ஏனைய பள்ளிகளுக்கு 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஒரு சிறு வாயிலைத் திறந்து வைத்திருந்தது. பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் வேண்டினால் தமிழ் கற்பிக்க வசதி செய்து தரவேண்டும். பி.ஓ.எல். எனப் பலராலும் அழைக்கப்பட்ட வகுப்பு இதுவே. 1996ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அந்தப் பதினைந்து மாறவில்லை.

1962ஆம் ஆண்டின் இறுதியில் அச்சிறுமியின் தந்தை, துறைமுக வேலை முடிந்த மாலைகளில், மிதிவண்டியில் வீடு வீடாகச் சென்றார். "இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டுத் தமிழ் எதுக்குங்க?" என்று வாயிலிலேயே விடைகொடுத்தவர் சிலர். தேநீர் கொடுத்துவிட்டுக் கையொப்பம் மட்டும் கொடாதவர் சிலர். பள்ளி விடுமுறை தொடங்கிய இரவில் அவர் தாளை விரித்து வைத்தபோது, மகள் அருகில் அமர்ந்து பெயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள்.

"ஒரு கட்டு, ஒரு குச்சிப்பா" என்றாள்.

"இன்னும் நாலு வேணும்மா" என்றார் தந்தை. மறுநாள் மாலை மிதிவண்டி மீண்டும் புறப்பட்டது.