நொய்யல் வண்டலின் வயது

சாயப்பட்டறைச் சம்பளத்தில்தான் என் குடும்பம் தலையெடுத்தது. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால் கொடுமணலுக்குக் கூட்டிப்போவேன். சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் ஆற்றின் வடகரை. பழங்காலத்தில் இரும்பு உருக்கி, கல்லில் மணி கடைந்த ஊர். நூல் நூற்ற சுடுமண் தக்களியும் அங்கே கிடைத்திருக்கிறது. அங்கே அகழாய்வு செய்த பேராசிரியர் கா. ராஜன் குழு எடுத்த ஐந்து மாதிரிகளில் 15 செ.மீ. ஆழத்தில் இருந்தது கி.மு. 200, 120 செ.மீ. ஆழத்தில் இருந்தது கி.மு. 408. அதைச் சொல்லும்போது நெஞ்சு நிமிரும்.

அந்த எண் எப்படி வருகிறது என்று படிக்கப் போய்த்தான் என் தொழிலையே வேறு கண்ணால் பார்த்தேன். உயிருள்ள செடி காற்றிலிருந்து கார்பன்-14ஐ எடுத்துக்கொண்டே இருக்கும். செத்தால் வரத்து நின்றுவிடும். உள்ளே இருப்பது 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். மிச்சத்தை அளந்தால் வயது தெரியும். ஏறக்குறைய 50,000 ஆண்டு தாண்டினால் அளக்க மிச்சமிருக்காது. பெட்ரோலியமோ பல கோடி ஆண்டுப் பழசு. எங்கள் சாயத்தில் பெரும்பங்கு அதிலிருந்து வந்ததுதான், பாலியஸ்டரும் அப்படியே. காடாத் துணியின் பருத்தி போன வருடத்துச் செடி. அதன்மேல் ஏறும் சிவப்பில் கார்பன்-14 துளியும் கிடையாது.

அந்தச் சிவப்பு ஆற்று வண்டலில் போய் ஒட்டினால்? மாதிரியில் நூற்றில் ஒரு பங்கு இப்படிக் கார்பன்-14 இல்லாத கார்பன் சேர்ந்தாலே வயது 80 ஆண்டு கூடிக் காட்டும். கடலோரச் சேற்றை ஆய்பவர்களுக்கு இது பழைய தலைவலி. ஆறு அரித்து வந்த பழைய மண்ணின் மக்கு ஒரு பக்கம், கடல்நீருக்கே உள்ள சுமார் 400 ஆண்டு மூப்பு இன்னொரு பக்கம். அதனால் மொத்தச் சேற்றை நம்பாமல் கரையிலிருந்து வந்து விழுந்த ஓர் இலையையோ விதையையோ தேடுவார்கள். பழனிப் பக்கம் பொருந்தலில் ஜாடிக்குள் இருந்த நெல் கி.மு. 490 என்று வந்ததை நான் நம்புவதும் அதனால்தான். நெல் ஒரே போகத்தில் விளைந்தது.

நொய்யலில் பாசனத்துக்காக 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை எங்கள் சாயக்கழிவைத்தான் தேக்கியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னபோது எனக்கும் சம்பளம் நின்றது. கோபம் கோபமாக வந்தது. இன்று அந்தத் தீர்ப்பு சரி என்றே சொல்வேன். சுத்திகரிப்பில் மிஞ்சும் சேற்று மூட்டைகளுக்குக் கூரை போடச் சொல்லி வேலையிடத்தில் சண்டை பிடிக்கிறேன். ஒரு மூட்டைகூட மழையில் கரைந்து ஆற்றில் இறங்கக் கூடாது.