நான் போட்ட சிரிப்பு

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு மூன்று நாளாக யோசித்தேன். குரூப்பில் எல்லோரும் பார்க்கச் செய்த பிழை. அதனால் எல்லோரும் பார்க்கவே எழுதுகிறேன்.

பறவை பார்க்கும் ஆசையுள்ள நாங்கள் கொஞ்சப் பேர் ஒரு வட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறோம். வட்டை, குளக்கரை, களப்பு என்று எங்கே எதைக் கண்டாலும் படம் போடுவோம், பெயர் தேடுவோம். செப்டம்பர், ஒக்டோபரில் வலசைப் பறவைகள் வரத் தொடங்கினால் அவை ஏப்ரலில் திரும்பும் வரைக்கும் குரூப் தூங்காது.

ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு, வட்டையில் காவல் பார்க்கும் ஒரு நானாவின் நம்பரிலிருந்து படம் ஒன்று வந்தது. மங்கல். பழுப்பு உடம்பு, வெள்ளைப் புள்ளிகள், சிவந்த கண். "இது பருந்துக் குஞ்சா?" என்று கேள்வி.

பெண் குயில். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதை மட்டும் சொல்லியிருக்கலாம். "பருந்து கேட்டா வெக்கத்தில ஊர உட்டே பெய்த்திரும் நானா" என்று எழுதி, கண்ணீர் வரச் சிரிக்கும் முகம் மூன்றையும் சேர்த்துப் போட்டேன். சேரே சிரித்துவிட்டார், பிறகு கேட்க வேண்டுமா? ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர். சுபஹுக்கு எழும்பிப் பார்த்தால் அந்த நம்பர் குரூப்பில் இல்லை.

உண்மையில் அது அவ்வளவு மடத்தனமான கேள்வியா? ஆண் குயில்தான் கறுப்பு. குக்கூ என்று கூவுவதும் அதுதான். பெண் குயிலை நம்மில் அநேகர் மரத்தில் கண்டும் குயில் என்று அறியாமலே கடந்திருப்போம். அடிவயிற்றில் வரி வரியாக இருப்பதைப் பார்த்தால் வல்லூறு ஞாபகம் வரும். குயில் இனத்தில் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் பெயரே வல்லூற்றுக் குயில். அந்த மங்கல் படத்திலும் அவர் வரியைக் கவனித்திருக்கிறார். நான் கவனித்தது அவருடைய பிழையை மட்டும்.

பிள்ளை பிழையான விடை சொன்னால் "எதைப் பார்த்து அப்படிச் சொன்னாய்?" என்று முதலில் கேட்க வேண்டும் என்று கல்வியியற் கல்லூரியில் படித்தோம். வகுப்பில் அதை விடாமல் செய்கிறேன். போனைக் கையில் எடுத்தால் மட்டும் அந்தப் படிப்பு எங்கே போகிறதோ. சந்தியில் நின்று அவர் நேரில் கேட்டிருந்தால், என்னைவிட வயதில் மூத்தவர், சத்தியமாக அப்படிச் சிரித்திருக்க மாட்டேன்.

சில வாரம் கழித்து நான் ஒரு கொக்குப் படம் போட்டு "பெரிய வெண்கொக்கு" என்று அடித்துச் சொன்னேன். ஏ.எல். முடித்த ஒரு தம்பி இன்பொக்ஸுக்கு வந்தான். "சேர், வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால போகுதா எண்டு ஒருக்காப் பாருங்க." பெரிதாக்கிப் பார்த்தேன். தாண்டவில்லை, கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டது. அப்படியென்றால் அது நடுத்தர வெண்கொக்கு. குரூப்பில் நானே திருத்திப் போட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அன்றிரவுதான் அந்த நானாவின் நினைவு சரியாக உறுத்தியது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வெளியில் அவரைப் பிடித்து மாப்புக் கேட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அத உடுங்க சேர். எனக்கெங்க போன் தெரியும்? மகன்தான் படத்த எடுத்து எழுதி அனுப்பின" என்றார்.

மகன் என் வகுப்பில்தான் படிக்கிறான்.

தன் வாப்பாவைப் பார்த்து சேர் சிரிக்கிறார் என்றல்லவா அவன் அன்றிரவு அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பான்! திங்கட்கிழமை இடைவேளையில் அவனைக் கூப்பிட்டு, அது பெண் குயில், நீ வரியைக் கண்டது கெட்டித்தனம், நான் சிரித்தது பிழை என்றேன். தலையை மட்டும் ஆட்டினான்.

நானா இன்னும் குரூப்புக்கு வரவில்லை. வற்புறுத்தவும் எனக்கு முகமில்லை. நேற்று மஃரிபுக்குப் பிறகு அதே நம்பரிலிருந்து என் இன்பொக்ஸுக்கு ஒரு படம் வந்தது. இதுவும் மங்கல்தான். என்ன பறவை என்று எனக்குப் பிடிபடவே இல்லை. எங்கே இருந்தது, எப்படிக் கத்தியது என்று வாப்பாவிடம் கேட்டுச் சொல் மகன் என்று அனுப்பியிருக்கிறேன்.