பனிச்சங்கேணியும் ஒரு பியானோ இசையும்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை செல்லும் வீதியில், வாகரைக்கு அண்மையில், களப்பும் கடலும் அருகருகே கிடக்கும் சிற்றூர் பனிச்சங்கேணி. நிலவு காய்ந்த ஓரிரவில் நாம் அதன் பாலத்தடியில் அமர்ந்திருந்தோம்.

கல்லடியிற் கேட்ட ‘பாடுமீன்’ ஒலியைப் பியானோவுக்கு அமைக்க முயன்று, பாதியிற் கைவிட்டிருந்தோம். 1848 இல் அதனைக் கேட்ட எமர்சன் தெனன்ற், ஈரவிரலால் தேய்த்த கண்ணாடிக் கிண்ணத்தின் அதிர்வுக்கு ஒப்பிட்டார். விபுலாநந்த அடிகளோ நீரரமகளிர் பாடும் இசையெனக் கவியிற் கண்டார். பியானோவில் அழுத்திய சுரம் குழைவதில்லை. கமகத்துக்கு இடமே இல்லை. அதுவே எம்மை வருத்திற்று.

1947 இல் வெளிவந்த அடிகளின் யாழ்நூல் அப்போது நினைவுக்கு வந்தது. வில்யாழிலும் நரம்பு ஒன்றுக்குச் சுரம் ஒன்றுதானே! (தந்தி, சுரம் இரண்டையும் ‘நரம்பு’ என்றே நம் முன்னோர் வழங்கினர்.) ஆதலின் சுரத்தை வளைக்க முயல்வதை விடுத்து, ஒலிகளை ஒன்றோடொன்று கலக்கவிடுதலே வழி. பிரெஞ்சு நாட்டு டெபூஸி, நீருள் மூழ்கிய தேவாலயத்தின் மணியோசையை 1910 இல் பியானோவில் எழுப்பியதும் அவ்வாறே. மிதிகட்டையை அழுத்தியிருக்கும்வரை தந்திகள் அடங்காது ஒலிக்கும்.

பனிச்சங்கேணியில் மீன் பாடவில்லை. வலை வீழும் ஓசை, தொலைவிற் கடலிரைச்சல், இடையே நெடிய மௌனம். வீடு திரும்பியதும் இடக்கைக்கு எழுதியிருந்தவற்றுட் பெரும்பகுதியை நீக்கிவிட்டோம். எஞ்சியவை ஏழு சுரங்களே. மிதிகட்டையிலிருந்து காலை எடுக்காமல் வாசித்து வருகிறோம்.